சொல்லிவிட்டு விற்கலாமே: சேலத்தில் நாணயக் கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் நாணயக் கண்காட்சி நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அங்கே மேசை போடும் வியாபாரிகளுக்கும் வணக்கம்.

அடுத்த கண்காட்சிக்கு மண்டபம் பேசி, மேசைகளுக்கு முன்பணம் வாங்கத் தொடங்குமுன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் கேட்பது ஒரே ஒரு விதி. மேற்பரப்பில் கைவைத்த காசு என்றால், கைவைத்த காசு என்று கவரின்மேல் எழுதித்தான் விற்க வேண்டும். தேய்த்ததோ, நிறம் ஏற்றியதோ, கழுத்தில் போடப் பற்றவைத்த வளையத்தை எடுத்து அடைத்ததோ, எதுவானாலும் சரி. விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விற்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

எனக்குப் பிழைப்பு வெள்ளிக் கொலுசு. பழைய காசு சேர்ப்பது ஆசைக்கு. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தவன். ஒரு வெள்ளிச் சாமானில் பஃப் மோட்டாரின் பாலிஷ் சக்கரம் பட்டிருக்கிறதா, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைப் பிரஷ் போட்டதா, அமிலத்தில் முக்கி எடுத்ததா என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் கையில் வாங்கியவுடன் சொல்லிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்கள் கண்காட்சிக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் கவருக்குள் மின்னும் விக்டோரியா ரூபாயைப் பார்த்து, ‘நேத்து அடிச்ச மாதிரி இருக்கே’ என்று வாயைப் பிளக்கிறார்கள். கொலுசில் தெரிகிற பாலிஷ் காசில் தெரியாமல் போவதற்குக் காரணம், காசில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காததுதான். சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் கண்காட்சி. அங்கே அது நடக்கவில்லை.

முதலில் பளபளப்பு. நாணயச்சாலையில் வெற்று வட்டின்மேல் அச்சு இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. நகர்ந்த தடம், வெறுங்கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மெல்லிய கோடுகளாகக் காசின் முகத்தில் நின்றுவிடும். ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்து மெதுவாகத் திருப்பினால், இரண்டு மூன்று ஒளிப்பட்டைகள் நடுவிலிருந்து கிளம்பி வட்டமாகச் சுற்றி வரும். லஸ்டர் என்று நாம் சொல்வது இதைத்தான். பஃப் சக்கரத்தில் ஒருமுறை காட்டினால் போதும், அந்தக் கோடுகள் படுத்துவிடும். அதற்குப் பிறகும் காசு மின்னும், முன்பைவிட அதிகமாகவே மின்னும். ஆனால் ஒளி சுற்றாது. முகம் முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்து, சாய்த்தால் ஒரே நேரத்தில் அணையும்.

1862 ஆண்டிட்ட ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் தாராளமாகக் கிடைப்பது அது; அதனாலேயே பட்டறைக்கு அதிகம் போவதும் அதுதான். ராணியின் மேலாடையில் பூவேலை, கழுத்தில் மாலை, தலையில் கிரீடம் என்று அச்சு வெட்டியவன் இழைத்திருப்பான். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் முதலில் மழுங்குவது மேடான இடங்கள்தான். கன்னம் வழுக்கையாகிவிட்டாலும், பூவேலையின் பள்ளங்களில் கூர்மை மிச்சம் இருக்கும். பஃப் போட்ட காசில் மேடும் பள்ளமும் சேர்ந்தே மழுங்கியிருக்கும். அப்புறம் எழுத்துகளைப் பாருங்கள். கைபடாத காசில் எழுத்தின் பக்கச் சுவர் நறுக்கென்று தரையில், அதாவது காசின் வெற்றுச் சமதளத்தில், இறங்கும். சுழலும் கம்பிப் பிரஷ் பட்ட காசில், பிரஷ் தள்ளிக்கொண்டு போன வெள்ளி எழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்ன வரப்பாக ஒதுங்கி நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் வைத்தால் யார் கண்ணுக்கும் படும். எழுத்து மூலைகளில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பசை மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது பாலிஷின் மிச்சம். நூறு வருட அழுக்கு அந்த நிறத்தில் இருக்காது.

வீட்டில் பாட்டி விபூதி போட்டுத் துடைத்து லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்த ரூபாயைப் பற்றி நான் பேசவில்லை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் விழுந்திருக்கும், விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்தக் காசுக்குப் ‘புழங்காத காசு, அபூர்வ கண்டிஷன்’ என்று சீட்டு ஒட்டும்போதுதான் பிரச்சினை வருகிறது.

இதில் எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு வித்தையும் உண்டு. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. மீதியில் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 சதவீதம். இந்தப் பாதி வெள்ளிக் காசைச் சூடு காட்டி நீர்த்த அமிலத்தில் போட்டால் மேல்தோலில் உள்ள செம்பு கரைந்துவிடும். வெள்ளி மட்டும் மிஞ்சிக் காசு பளீரென்று வெளுக்கும். கொலுசு வேலை தெரிந்தவனுக்கு இது தினசரிச் சமாசாரம். வெளுத்த காசை விளக்கின் கீழே சுழற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு பூசின சுவர் போல உயிரில்லாமல் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ‘எவ்வளவு வெள்ளையா இருக்கு பாருங்க, பெட்டியை விட்டே வெளியே வராத காசு’ என்கிறார்கள்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். நான்கைந்து வருடங்களாக மேசைக்கு மேசை வானவில் காசுகள். நீலம், ஊதா, மயில் பச்சை. விலை, அதே காசு சாதா நிறத்தில் இருந்தால் விற்கிற விலையைப்போல் பல மடங்கு. இயற்கையாகவும் இப்படி நிறம் ஏறும், மறுக்கவில்லை. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடு படலம் படிகிறது. படலம் மிக மெலிதாக இருக்கும்வரை ஒளி அதில் பிரதிபலித்துக் குறுக்கிட்டு நிறம் காட்டும். படலத்தின் தடிமனைப் பொறுத்துத்தான் நிறம். அதனால் நிறங்கள் வருவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பும் ஊதாச் சிவப்பும், அதன் பின் நீலம். படலம் இன்னும் தடித்தால் வெளிறி, மீண்டும் மஞ்சளில் தொடங்கி இரண்டாம் சுற்று. பச்சை தலைகாட்டுவது பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான். கடைசியில் கறுப்பு.

பல ஆண்டுகள் காகித உறையிலோ மரப்பெட்டியிலோ கிடந்த காசில் இந்த வரிசை விளிம்பிலிருந்து உள்ளே படிப்படியாக மாறும், இடையில் எதுவும் விடுபடாது. எழுத்துகளை ஒட்டிய இடங்களில் படலம் சற்று மெலிந்து, நிறம் ஒரு படி பின்தங்கி நிற்கும். படலத்துக்கு அடியில் லஸ்டர் சுற்றுவதும் தெரியும். பொட்டாசியம் சல்பைடில் நனைத்த காசிலோ, அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்து வைத்த காசிலோ இந்த ஒழுங்கு இருக்காது. மஞ்சளுக்குப் பக்கத்திலேயே, நடுவில் சிவப்பு எதுவும் இல்லாமல், கருநீலம் திட்டாக நிற்கும். எழுத்து, மேடு, கீறல் எதையும் மதிக்காமல் நிறம் மேலோட்டமாக ஓடியிருக்கும். பாதி தேய்ந்து முகமே போன காசு வானவில் காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள். அந்தப் பளிச்சென்ற நிறத்துக்குக் கீழே லஸ்டர் வேண்டும். தேய்ந்த காசுக்கு அது எங்கிருந்து வரும்? கவரைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனால் சில சமயம் அழுகிய முட்டை நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

பொட்டாசியம் சல்பைடு என்றதும் ஏதோ ஆய்வகச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆக்சிடைஸ் கொலுசு என்று கறுப்போடிய டிசைன்கள் கடைகளில் தொங்குகின்றனவே, அதற்குப் போடுவது இந்த மாதிரி கந்தக மருந்துதான். நம் ஊரில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: யாராவது ஒரு பை நிறையப் பழைய ரூபாயைக் கொண்டுவந்து நிறம் போட்டுத் தரச் சொன்னால், எதற்கு என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

நிறத்தோடு கதையும் விற்கப்படுகிறது. சேலத்தில் அதிகம் கேட்கும் கதை, ‘ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா, வெள்ளைக்காரத் துரையின் மேசை இழுப்பறை, அப்படியே கிடந்தது சார்.’ சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களும் பழைய பங்களாக்களும் இருப்பது உண்மை. அதனால் கதை சுலபமாக நம்பப்படுகிறது. ஆனால் பனி மூட்டமும் மழையும் உள்ள மலைவீட்டு இழுப்பறையில் கிடந்த காசு பெரும்பாலும் பழுப்பும் சாம்பலுமாக, புள்ளி புள்ளியாகத்தான் கிடைக்கும். மயில் கழுத்து நிறத்தில் வருவது அபூர்வம். என்னிடம் அந்தக் கதையோடு நீட்டப்பட்ட தட்டில் விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று மூன்று ஆட்சிகளின் ரூபாய்கள் இருந்தன. எல்லாவற்றிலும் தலைக்குப் பின்னால், அதே இடத்தில், அதே நீலத் திட்டு. தனியாக ஒரு காசைக் காட்டியிருந்தால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன். தட்டு முழுக்கக் காட்டியது அவர் செய்த உதவி. ‘எல்லாம் ஒரே டப்பாவில் வெந்ததா?’ என்று கேட்டேன். தட்டை உள்ளே வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

அடுத்தது வளையம். வெள்ளி ரூபாய்க்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அப்படிக் கழுத்தில் கிடந்த காசுகள் ஏராளமாக மறுபடி சந்தைக்கு வந்திருக்கின்றன. வளையத்தைக் கழற்றி, பற்று வைத்த இடத்தை அரத்தால் ராவி, விளிம்பின் வரிகளைத் திரும்ப வெட்டி, கடைசியாக முழுக் காசையும் பாலிஷ் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. முகத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது சிக்காது. காசை இரண்டு விரலுக்கு நடுவில் நிறுத்தி, விளிம்பை லென்ஸுக்குக் கீழே ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். கிரீடத்துக்கு நேர் மேலே வரும்போது கவனியுங்கள். மற்ற இடங்களில் சீராக ஓடும் வரிகள் அங்கே மட்டும் நெருங்கியோ விலகியோ சாய்ந்தோ நிற்கும். பற்றின் நிறமும் வெள்ளியின் நிறத்தோடு முழுக்க ஒட்டாது, லேசாக மஞ்சளடிக்கும். அதற்கு நேர் கீழே முகத்தில் ஒரு நக அளவு இடம் சூடு பட்டு மங்கியிருக்கும். துளை போட்டு அடைத்த காசுக்கும் இதே சோதனைதான். தராசில் போட்டுப் பார்க்கலாம், முழு ரூபாயின் எடை 11.66 கிராம். ஆனால் பற்று வைத்தே எடையைச் சரிக்கட்டும் கெட்டிக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதால் தராசை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆண்டை மாற்றுவதும் இதே குடும்பம். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் உள்ள யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே யானையைத் திருத்தி அச்சிட்டார்கள். பன்றி ரூபாய் என்று தனி விலை போவது அதனால்தான். பின்னால் வந்த ஒரு காசின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1911 ஆக்குகிறவர், யானையை மறந்துவிடுகிறார். தும்பிக்கை தெளிவாகத் தெரியும் யானையோடு 1911 என்று ஒரு ரூபாய் வந்தால், ஆண்டைச் சுற்றியுள்ள தரையை லென்ஸில் பாருங்கள். அங்கே மட்டும் தனியாக மழமழவென்று இருக்கும்.

செம்பில் கதை வேறு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போகும்வரை சேலம் மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அதனால் திப்புவின் யானைக் காசு நமக்கு அந்நியம் அல்ல. மண்ணில் கிடந்த செம்பில் முதலில் செம்பழுப்புப் படலமும், அதன்மேல் கெட்டியான பச்சைக் களிம்பும் மெல்ல மெல்ல ஏறும். அது காசோடு காசாக இறுகியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. காடியும் உப்பும் போட்டு அவசரமாக ஏற்றிய களிம்பு மாவாக உதிரும், பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே பச்சையாக இருக்கும். பெயிண்ட் கலந்து பூசியதென்றால் சுத்தமான அசிட்டோனில் நனைத்த பஞ்சே சொல்லிவிடும். பஞ்சு பச்சையாகும், காசு வெளுக்கும். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு சரக்குகளும் சேர்ந்திருக்கும். வெளிர்ப்பச்சைப் பொடி துடைக்கத் துடைக்கத் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அது போலியாக இல்லாமல் நோயாக இருக்கலாம், குளோரைடு அரிப்பு. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

சங்க காலக் காசுகளில் செய்யப்படும் வேலைதான் எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல். மாக்கோதை, கொல்லிப்புறை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் காசுகள் கரூர் அமராவதிப் படுகையின் வழியாக உலகத்துக்குத் தெரிய வந்தவை. எழுத்து தெரிந்தால் ஒரு விலை, தெரியாவிட்டால் செல்லாக்காசு விலை. அதனால் மங்கிய காசில் எழுத்தை ‘எடுத்துவிடுகிறார்கள்’. அச்சில் வந்த எழுத்து தரைக்கு மேலே உயர்ந்து நிற்கும். இவர்கள் எழுத்தைச் சுற்றியுள்ள தரையைக் குடைந்து எழுத்தை நிற்க வைக்கிறார்கள். குடைந்த பள்ளத்தில் களிம்பு இருக்காது, இருந்தால் வேறு பச்சையாக இருக்கும். ஒரு கோடு கூடினால் வேறு எழுத்து, வேறு பெயர். அதைப் படமெடுத்து நாளைக்கு யாராவது கட்டுரை எழுதினால் இல்லாத ஒரு சேர மன்னன் பிறந்துவிடுவான்.

மண்ணோடு விற்கிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1987இல் நம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தது உண்மையான வரலாறு. அதைச் சொல்லிச் சொல்லியே செம்மண் அப்பிய காசுகளை ‘போன வாரம் தோண்டினது’ என்று நீட்டுகிறார்கள். புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டிலிருந்து அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆக, அப்படிச் சொல்கிறவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லை சட்டத்தை மீறியதை வாய்விட்டுச் சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவருக்கு மேசை கொடுத்தது நீங்கள்.

புதிய காசுகளையும் விட்டுவைக்கவில்லை. நம் சேலம் உருக்காலையில் நாணயத்துக்கான துருப்பிடிக்காத எஃகு வட்டுகள் வெட்டும் பிரிவே உண்டு. எஃகைச் சூடாக்கினால் மஞ்சள், பழுப்பு, நீலம் என்று நிறம் ஏறும் என்று அங்கே வேலை பார்க்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். அடுப்பில் காட்டிய ஒரு ரூபாய் எஃகுக் காசு ‘அச்சுப் பிழை, வண்ண ரூபாய்’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளிடம் விற்கப்படுகிறது. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற மோசடிகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்துவிட்டது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். ‘வாங்குகிறவர்கள் பளபளப்பைத்தான் கேட்கிறார்கள்.’ கேட்கட்டும். பாலிஷ் போட்டது என்று எழுதியும் அவர்கள் வாங்கினால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ‘எல்லாப் பழைய காசும் எப்போதோ கழுவினதுதான்.’ பாதி உண்மை. அசிட்டோனில் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதையும், வெந்நீரில் மண்ணைக் கழுவுவதையும் நான் கைவைத்ததாகவே கணக்கில் எடுக்கவில்லை. அவை உலோகத்தைத் தொடுவதில்லை. அமில டிப்பில் ஒரு நொடி காட்டி எடுத்ததைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, அதில் நானும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் சர்வதேச அளவில் தரம் பிரிக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள், தேய்த்த காசுக்கும் நிறம் ஏற்றிய காசுக்கும் வழக்கமான தர எண் தருவதில்லை. காசு உண்மையானதுதான், ஆனால் கழுவியது, நிறம் சந்தேகத்துக்குரியது என்று சீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். அவர்களால் முடிகிறது என்றால் ஒரு மார்க்கர் பேனா வைத்திருக்கும் நம் வியாபாரிகளாலும் முடியும்.

விதி போட்டால் மேசைகள் குறையும் என்று பயப்படாதீர்கள். நேர்மையாக விற்கும் வியாபாரிகள் பலரை எனக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே ‘அண்ணா, இது வளையம் எடுத்தது’ என்று சொல்லி, பாதி விலைக்குத் தருகிறவர்கள். பக்கத்து மேசையில் அதே மாதிரிக் காசு முழு விலைக்குப் போவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் அவர்கள்தான். இப்போது அடிபடுவது அவர்கள் வியாபாரம்.

ஆகவே கேட்கிறேன். கவரின்மேல் கைவைத்த விவரம் எழுத வேண்டும். காசைக் கவரிலிருந்து எடுத்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும். ஸ்டேபிள் அடித்த அட்டைக்குள் விளிம்பு எப்படித் தெரியும்? பில்லில் ‘பழைய காசு 1’ என்று எழுதாமல் ஆண்டும் நிலையும் எழுத வேண்டும். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவருக்கு அந்த பில்தான் ஆதாரம். கண்காட்சி முடியும்வரையாவது திருப்பிக் கொடுக்கும் உரிமை வேண்டும். மண்டபத்தில் வெள்ளை எல்இடி பட்டைகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் விழுவதால் கீறலும் தெரியாது, லஸ்டர் சுற்றுவதும் தெரியாது.

கடைசியாக, யார் வேண்டுமானாலும் வாங்குவதற்கு முன் காசைக் கொண்டுவந்து பார்க்க ஒரு பொது மேசை போடுங்கள். அதற்கு வேண்டிய குண்டு பல்பு விளக்கு, பத்து மடங்கு லென்ஸ், கொலுசு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு மூன்றையும் நான் கொண்டுவருகிறேன். கண்காட்சி நாட்களில் பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டு நானே உட்காரவும் தயார். சம்பளம் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுத்தால் போதும். மேசையை மட்டும் வாசலுக்கு அருகில் போடாதீர்கள், வெயில் அடிக்கும். உள்ளே இருட்டான மூலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு சேகரிப்பாளன்